சில நிமிடங்களில் கட்டட அனுமதி: சிறு நகரங்களில் வீடு கட்டுவோர் அறிய வேண்டியவை

தெலங்கானாவின் ஜனகாம், வனபர்த்தி போன்ற சிறு நகராட்சி ஒன்றில் 150 சதுர கெஜ மனையில் வீடு கட்ட விரும்பும் ஒருவர், இன்று நகராட்சி அலுவலகத்தின் படியேறாமலேயே கட்டட அனுமதியைப் பெற முடியும். மனையின் விவரங்களை இணையதளத்தில் பதிவிட்டு, உறுதிமொழியை ஏற்று, கட்டணத்தைச் செலுத்தினால் அனுமதி ஆணை உடனே வெளிவரும். கேரளம், உத்தரப் பிரதேசம், தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களிலும் சிறிய வீடுகளுக்கு இதைப் போன்ற சுயசான்று முறை நடைமுறையில் உள்ளது.

எனினும், நகராட்சி ஆய்வு செய்து வழங்கிய சான்றாக அந்த ஆணையைக் கருதுவது தவறு. மனை தமக்குரியது, அது அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவில் உள்ளது, விதிப்படியான இடைவெளி விடப்படும் என்றெல்லாம் உரிமையாளர் அளிக்கும் உறுதிமொழியின் மீதே அது நிற்கிறது. முன்பு அனுமதிக்கு முன் நடந்த சரிபார்ப்பு இப்போது அனுமதிக்குப் பின் நடக்கிறது. அதில் பிழை கண்டறியப்பட்டால், அதற்குள் அடித்தளம் போடச் செலவான பணம் உரிமையாளருடையது.

அனுமதி வழங்குவது யார்?

கட்டட அனுமதி என்பது மத்திய அரசின் பொருள் அன்று. நிலமும் உள்ளாட்சியும் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. 1993 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தம் பன்னிரண்டாவது அட்டவணையைச் சேர்த்தது. நகர்ப்புற அமைப்புகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளில் நகரத் திட்டமிடல் முதலாவதாகவும், நிலப் பயன்பாட்டையும் கட்டடக் கட்டுமானத்தையும் ஒழுங்குபடுத்துதல் இரண்டாவதாகவும் அதில் உள்ளன. மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட மாதிரிக் கட்டட விதிகளும், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் வழிகாட்டிகளே. மாநில அரசோ உள்ளாட்சி அமைப்போ தம் விதிகளில் சேர்த்துக்கொண்டால்தான் அவை கட்டுப்படுத்தும்.

ஆகவே ஒரு மாநிலத்தின் விதி அடுத்த மாநிலத்துக்குப் பொருந்தாது; சொற்களும் பொருந்துவதில்லை. இந்தி பேசும் நகரங்களில் ‘நக்ஷா பாஸ்’ ஆனதா என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் அதுவே ‘பிளான் அப்ரூவல்’. கர்நாடகத்தின் ‘காதா’ சொத்து வரிக் கணக்கைக் குறிப்பது. அதை உரிமை ஆவணமாக எண்ணி மனை வாங்கியவர்கள் பலர்.

இந்தியாவில் கட்டட அனுமதி எளிதாகிவிட்டது என்ற கூற்றுக்கு அடிக்கடி சான்றாகக் காட்டப்பட்டது உலக வங்கியின் ‘தொழில் செய்வதற்கான எளிமை’ தரவரிசை. கட்டுமான அனுமதிப் பிரிவில் 2018 அறிக்கையில் 181-ஆவது இடத்திலிருந்த இந்தியா, 2019-இல் 52-ஆவது இடத்துக்கும் 2020-இல் 27-ஆவது இடத்துக்கும் முன்னேறியது. ஆனால் இந்தியாவுக்காக அவ்வங்கி அளந்தது தில்லி, மும்பை ஆகிய இரு நகரங்களை மட்டுமே; அங்கும் அளவுகோலாகக் கொள்ளப்பட்டது வீடு அன்று, ஒரு கிடங்கு. சிறு நகரத்தில் வீடு கட்டுபவர் அந்தக் கணக்கில் எங்கும் இல்லை. அறிக்கையையே உலக வங்கி 2021 செப்டம்பரில் நிறுத்திவிட்டது.

தெலங்கானாவில் நடைமுறை

சுயசான்று முறைக்குத் தனிச் சட்டமே இயற்றிய மாநிலம் தெலங்கானா. ‘டி.எஸ்.-பிபாஸ்’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அச்சட்டம் 2020-இல் நிறைவேறி, அதே ஆண்டு நவம்பரில் இணையதளம் தொடங்கப்பட்டது. 2025-இல் ‘பில்ட்நவ்’ என்ற புதிய மென்பொருள் அறிமுகமானது. ஆனால் சுயசான்று முறையின் அடிப்படை மாறவில்லை.

75 சதுர கெஜம், அதாவது 63 சதுர மீட்டர் வரையிலான மனையில் தரைத்தளமோ, அதன்மேல் ஒரு தளமோ கொண்ட வீட்டுக்கு அனுமதியே தேவையில்லை. 1 ரூபாய் செலுத்திப் பதிவு செய்தால் போதும். அதற்கு மேல் 500 சதுர மீட்டர் வரையிலான மனையில், 10 மீட்டர் உயரம் வரையிலான குடியிருப்புக்குச் சுயசான்றின்பேரில் உடனடி அனுமதி. அதையும் தாண்டியவை ஒற்றைச் சாளர முறையில் 21 நாள்களுக்குள் முடிவு செய்யப்பட வேண்டும். இல்லையேல் 22-ஆம் நாள் அனுமதி கிடைத்ததாகவே கருதப்படும்.

உடனடி அனுமதிக்கும் ஒரு பிணை உண்டு. 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் கட்டப்படும் வீட்டின் 10 விழுக்காட்டுப் பரப்பை நகராட்சிக்கு அடமானமாகப் பதிவு செய்து தர வேண்டும். வரைபடத்தின்படி கட்டி முடித்துச் சான்று பெற்ற பின்னரே அந்த அடமானம் விடுவிக்கப்படும். விதிமீறலைத் தடுக்கும் கருவியாக இது பல ஆண்டுகளாக அங்கு நடைமுறையில் உள்ளது.

அனுமதிக்குப் பிந்தைய கள ஆய்வுக்கு 21 நாள் கால அளவு உண்டு. தவறான தகவல் தரப்பட்டிருந்தால் அனுமதி ரத்தாகும். விதிமீறிய கட்டுமானத்தை முன்னறிவிப்பின்றி அகற்றவும் இச்சட்டம் இடமளிக்கிறது. இப்பிரிவின் இன்றைய நிலை இக்கட்டுரையின் இறுதிப் பகுதியில் விளக்கப்பட்டுள்ளது.

சிக்கல் மனையில்தான்

வீட்டின் வரைபடத்தால் தடைபடும் விண்ணப்பங்களைத் திருத்தி மீண்டும் தாக்கல் செய்துவிடலாம். மனையால் தடைபடும் விண்ணப்பங்கள் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

2018-இல் தெலங்கானாவில் பெருமளவிலான ஊராட்சிகள் நகராட்சிகளாகத் தரம் உயர்த்தப்பட்டன. அவற்றின் விளிம்புகளில் இருந்த வயல்கள் அதற்கு முன்பே மனைகளாகப் பிரித்து விற்கப்பட்டிருந்தன. ஊராட்சித் தலைவரின் கையொப்பமும் முத்திரையும் கொண்ட வரைபடத்தைக் காட்டி ‘ஊராட்சி லேஅவுட்’ என்ற பெயரில் விற்பனை நடந்தது. கிரையப் பத்திரம் முறையாகப் பதிவானது. வில்லங்கச் சான்றிதழிலும் குறை இல்லை. நகர், ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் மட்டும் இல்லை. பத்திரப் பதிவு என்பது பரிவர்த்தனையைப் பதிவு செய்வதே. மனைப்பிரிவு அங்கீகரிக்கப்பட்டதா என்பதற்கு அது சான்று ஆகாது.

இத்தகைய மனைகளை வரன்முறைப்படுத்த 2020 ஆகஸ்ட் 31-இல் மாநில அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. அதே மாதம் 26-ஆம் தேதிக்கு முன் பதிவான மனைகளே அதற்குத் தகுதி பெற்றன. சுமார் 25 லட்சம் விண்ணப்பங்கள் குவிந்தன. பல ஆண்டுகள் அவை தேங்கிக் கிடந்த நிலையில், 2025-இல் 25 விழுக்காடு கட்டணச் சலுகையுடன் பணி மீண்டும் முடுக்கிவிடப்பட்டது. வரன்முறைக் கட்டணம் மட்டுமல்ல; மனைப்பிரிவில் பூங்காவுக்கும் பொதுப் பயன்பாட்டுக்கும் 10 விழுக்காடு இடம் ஒதுக்கப்படாமல் இருந்தால், மனையின் பதிவு நாள் மதிப்பில் 14 விழுக்காடு திறந்தவெளிக் கட்டணமாகச் சேரும். பிரித்து விற்றவர் விடாத பூங்காவுக்கு வாங்கியவர் விலை கொடுக்கிறார்.

தமிழக வாசகர்களுக்கு இது புதிதன்று. அங்கீகரிக்கப்படாத மனைகளின் பதிவுக்கு 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், அதைத் தொடர்ந்து 2016 அக்டோபர் 20-ஐ வரம்பு நாளாகக் கொண்டு வரன்முறை விதிகள் வந்ததும் நினைவிருக்கும்.

அடுத்தது சாலை. முதன்மைத் திட்டத்தில் 9 மீட்டர் என்று குறிக்கப்பட்ட தெரு, நேரில் 6 மீட்டராக இருக்கலாம். அப்போது தெருவின் மையக் கோட்டிலிருந்து 4.5 மீட்டர் அளந்து, அதற்குள் வரும் தம் நிலத்தைச் சாலைக்காக உரிமையாளர் விட்டுவிட வேண்டும். அதாவது ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை மீட்டர். முன்புற இடைவெளி அதற்குப் பிறகே தொடங்கும். குறுகிய மனையில் ஓர் அறையே இதில் போய்விடும். எதிர்வீட்டார் அனுமதியின்றி முன்னமே கட்டிவிட்டிருந்தால், விதியை மதித்து வந்தவர் மட்டும் நிலத்தை இழப்பார். இம்முறையின் மேல் மக்களுக்கு உள்ள மனக்குறைகளில் மிகவும் நியாயமானது இதுவே எனலாம்.

மூன்றாவது நீர்நிலை. தெலங்கானாவின் 2012-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, 10 ஹெக்டேரும் அதற்கு மேலும் பரப்புள்ள ஏரி, குளங்களின் முழு நீர்மட்ட எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் கட்டக்கூடாது. அதைவிடச் சிறியவற்றுக்கு 9 மீட்டர். 10 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஓடைகளுக்கும் கால்வாய்களுக்கும் 9 மீட்டர். அதற்கு உட்பட்டவற்றுக்கு 2 மீட்டர். இந்த அளவு கோடையில் தெரியும் நீர்க்கரையிலிருந்து தொடங்குவதில்லை. குளம் நிரம்பி நிற்கும்போது நீர் எட்டும் எல்லையிலிருந்து தொடங்குகிறது. மார்ச் மாதத்தில் மனையைப் பார்த்து முன்பணம் கொடுப்பவருக்கு அந்த எல்லை கண்ணில் படாது. நீர்ப்பாசனத் துறை, வருவாய்த் துறை வரைபடங்களை அவர் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கேரளத்தில் ‘நிலம்’

கேரள நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2024 ஜனவரி 1 முதல் ‘கே-ஸ்மார்ட்’ இணையதளம் இயங்குகிறது. 300 சதுர மீட்டர் வரையிலான குறைந்த ஆபத்துள்ள வீடுகளுக்குச் சுயசான்றின்பேரில் அனுமதி கிடைக்கிறது. 2023 ஏப்ரலில் கடுமையாக உயர்த்தப்பட்ட அனுமதிக் கட்டணம், எதிர்ப்பைத் தொடர்ந்து 2024 ஆகஸ்டில் குறைக்கப்பட்டது. 80 சதுர மீட்டர் வரையிலான வீடுகளுக்குக் கட்டண விலக்கு உண்டு.

அங்கு உண்மையான தடை வேறு. 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வயல்களின் பட்டியல் ‘தரவு வங்கி’ என்ற பெயரில் பேணப்படுகிறது. அதில் இடம்பெற்ற மனையில் வீடு கட்ட அனுமதி எளிதில் கிடைக்காது. எல்லையோரத்தில் மனை வாங்கும் தமிழர்கள் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். தமிழில் ‘நிலம்’ எனில் எந்த நிலமும் ஆகலாம்; கேரள வருவாய் ஆவணத்தில் ‘நிலம்’ என்றிருந்தால் அது நெல்வயல். வீடு கட்டத்தக்க மேட்டுநிலத்துக்கு அங்கே ‘புரயிடம்’ என்று பெயர்.

தரவு வங்கியில் தவறாகச் சேர்க்கப்பட்ட மனையை நீக்கப் படிவம் 5, தரவு வங்கியில் இல்லாவிட்டாலும் ஆவணத்தில் ‘நிலம்’ என்றிருப்பதை மாற்றப் படிவம் 6 என, கோட்ட வருவாய் அலுவலருக்கு விண்ணப்பிக்க வேண்டும். வேறு மனை இல்லாத வயல் உரிமையாளர் சொந்த வீடு கட்ட, உள்ளூர்க் கண்காணிப்புக் குழுவின் பரிந்துரைக்கு உட்பட்டு, ஊராட்சியில் 10 சென்ட் வரையும் நகராட்சியில் 5 சென்ட் வரையும் விலக்கு உண்டு.

பிற மாநிலங்களைப் பொறுத்தவரை, உத்தரப் பிரதேசத்தின் 2025-ஆம் ஆண்டு விதிகள் 100 சதுர மீட்டர் வரையிலான குடியிருப்பு மனைகளுக்கும், 30 சதுர மீட்டர் வரையிலான வணிக மனைகளுக்கும் வரைபட ஒப்புதலை நீக்கி, 1 ரூபாய்ப் பதிவை மட்டும் கட்டாயமாக்கின. தமிழ்நாட்டில் 2024 ஜூலை 22 முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்குச் சுயசான்று அனுமதி வழங்கப்படுகிறது.

கையொப்பமிடும் பொறியாளர்

விண்ணப்பத்துடன் இணைக்கப்படும் வரைபடத்தில் உரிமம் பெற்ற பொறியாளரோ கட்டடக் கலைஞரோ கையொப்பமிட வேண்டும். சிறு நகரங்களில் இவர்கள் எண்ணிக்கையில் குறைவு. கட்டட வேலையை மேற்பார்வையிடுவது பெரும்பாலும் மேஸ்திரி. பொறியாளரின் கையொப்பம் வரைபடத்தோடு முடிந்துவிடுகிறது. ஒப்புதல் பெற்ற வரைபடம் ஒன்று, எழும்பும் வீடு வேறொன்று என்ற நிலை இப்படித்தான் உருவாகிறது.

அதன் விளைவை நாடு கண்ட இடங்களில் ஒன்று மகாராஷ்டிரத்தின் ராய்கட் மாவட்டத்தில் உள்ள மகாட் என்ற சிறு நகரம். 2020 ஆகஸ்ட் 24 மாலையில் அங்கு ஐந்து தளங்கள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு சரிந்து 16 பேர் உயிரிழந்தனர். கட்டி ஏறக்குறைய பத்து ஆண்டுகளே ஆன கட்டடம் அது. கட்டுநர், கட்டடக் கலைஞர், கட்டமைப்பு ஆலோசகர் ஆகியோருடன் நகராட்சி அலுவலர்கள் மீதும் வழக்குப் பதிவானது. சுயசான்று முறையில் அலுவலரின் இடத்தில் உரிமையாளரும் அவர் அமர்த்திய பொறியாளருமே முதலில் நிற்கிறார்கள்.

எனவே, பொறியாளரின் உரிமம் நடப்பில் உள்ளதா என்பதைப் பார்ப்பதும், அடித்தளக் கம்பி கட்டும் நாளிலும் ஒவ்வொரு தளத்தின் கூரைக்குக் கான்கிரீட் போடும் நாளிலும் அவர் நேரில் வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதும் அனுமதிக் கட்டணத்தைவிடப் பயன் தரும் செலவு.

கட்டணங்களைப் பொறுத்தவரை, அனுமதிக் கட்டணத்துடன் மேம்பாட்டுக் கட்டணம், காலி மனை வரி நிலுவை ஆகியவை சேரும். கட்டுமானத் தொழிலாளர் நலனுக்காகக் கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு தீர்வை உண்டு. சொந்தக் குடியிருப்புக்கு 10 லட்சம் ரூபாய்ச் செலவு வரை இருந்த விலக்கை, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 50 லட்சமாக உயர்த்தியது.

கட்டி முடித்த பின்

முன்பெல்லாம் சிறு நகரங்களில் வீடு கட்டி முடிந்ததும் புதுமனை புகுவிழாவுடன் வேலை நிறைவடைந்துவிடும். நிறைவுச் சான்றிதழை எவரும் கேட்டதில்லை. 2024 டிசம்பர் 17-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அந்த நிலையை மாற்றியது. மீரட் நகரில் குடியிருப்பு மனையில் கட்டப்பட்ட கடைகள் தொடர்பான அவ்வழக்கில், நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் நாடு முழுவதற்குமான வழிகாட்டுதல்களை வெளியிட்டனர்.

கட்டுமானம் நடக்கும் காலம் முழுவதும் ஒப்புதல் பெற்ற வரைபடம் அங்கே காட்சிக்கு வைக்கப்பட வேண்டும். அலுவலர்கள் அவ்வப்போது ஆய்வு செய்து பதிவேட்டில் குறிக்க வேண்டும். நிறைவு அல்லது குடியேற்றச் சான்றிதழைப் பார்த்த பின்னரே மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் வழங்கப்பட வேண்டும். வங்கிகளும் அச்சான்றிதழைச் சரிபார்த்த பின்னரே கட்டடத்தின் பிணையில் கடன் தர வேண்டும். நீண்ட காலம் கடந்துவிட்டது, பெரும் பணம் செலவாகிவிட்டது, அலுவலர்கள் கண்டுகொள்ளவில்லை என்ற காரணங்களால் விதிமீறிய கட்டடம் சட்டப்படியானதாகிவிடாது என்றும் தீர்ப்பு கூறுகிறது.

இதன் தாக்கம் கர்நாடகத்தில் உடனே தெரிந்தது. சான்றிதழ் இல்லாத வீடுகள் மின் இணைப்பின்றி நின்றன. இறுதியில் 2025-இல், 1,200 சதுர அடி வரையிலான மனைகளில் கட்டப்பட்ட வீடுகளுக்கு மாநில அரசு சான்றிதழிலிருந்து விலக்கு அளித்தது. தத்தம் மாநிலத்தில் எந்த அளவு வரை விலக்கு உள்ளது என்பதை மின்வாரிய அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டறிவது நல்லது. வீடு முடிந்த பிறகு அறிந்தால் ஒரு தளத்தை இடிக்கவும் நேரலாம்.

நிராகரிப்பும் இடிப்பு அறிவிப்பும்

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்து வடிவில் கேட்டுப் பெற வேண்டும். மேல்முறையீட்டுக்கு அதுவே அடிப்படை. குறிப்பிட்ட காலத்துக்குள் பதில் இல்லையெனில் அனுமதி கிடைத்ததாகவே கருதப்படும் என்ற விதியைப் பல மாநிலங்கள் ஏற்றுள்ளன. அதை நம்பிக் கட்டத் தொடங்குபவர், விண்ணப்ப எண், தாக்கல் செய்த நாள், கட்டண ரசீது ஆகியவற்றைப் பாதுகாக்க வேண்டும். விதிகளுக்கு முரணான வரைபடத்துக்கு இவ்வகை அனுமதி கேடயம் ஆகாது. கோப்பு எங்கே நிற்கிறது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாள்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் கட்டணம் சற்றே மாறலாம்.

விதிமீறல் எனக் கூறி இடிப்பு நடவடிக்கை வந்தால், 2024 நவம்பர் 13-இல் நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விஸ்வநாதன் அமர்வு வழங்கிய தீர்ப்பு பாதுகாப்பாக உள்ளது. உள்ளூர்ச் சட்டம் வகுத்த கால அளவு, அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து 15 நாள்கள் ஆகிய இரண்டில் எது பிந்தையதோ, அதுவரை விளக்கம் அளிக்க உரிமையாளருக்கு வாய்ப்புத் தராமல் இடிக்கக் கூடாது. அறிவிப்பைப் பதிவுத் தபாலில் அனுப்புவதுடன் கட்டடத்திலும் ஒட்ட வேண்டும். விதிமீறல் எது என்பதை அதில் குறிப்பிட வேண்டும். நேரில் விசாரிக்க வேண்டும். இறுதி ஆணைக்குப் பிறகும் உரிமையாளர் தாமே அகற்றிக்கொள்ள 15 நாள்கள் தரப்பட வேண்டும். இடிப்பு முழுவதும் காணொளியாகப் பதிவு செய்யப்பட வேண்டும். தெலங்கானாச் சட்டத்தில் உள்ள ‘முன்னறிவிப்பின்றி’ என்ற சொல்லை இத்தீர்ப்புடன் சேர்த்தே படிக்க வேண்டும்.

இப்பாதுகாப்புக்கு வெளியே நிற்கும் இடங்களையும் தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது: சாலை, தெரு, நடைபாதை போன்ற பொது இடங்கள், ரயில் பாதையை ஒட்டிய நிலம், ஆறு உள்ளிட்ட நீர்நிலைகள், நீதிமன்றமே இடிக்க ஆணையிட்ட கட்டடங்கள். குளத்தின் முழு நீர்மட்ட எல்லைக்குள் சுயசான்று அளித்து வீடு கட்டியவருக்கு அந்த 15 நாள்களும் உறுதியில்லை.